இரண்டு மணி நேரமும் ஒரு மஞ்சள் வாத்தும்

தேடிக் கண்டுபிடிக்கும் படப் புத்தகங்கள் பற்றி, கண் ஒட்டுச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் குடும்பத்தாருக்கும் பிற பெற்றோருக்கும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றை அதன் தாய் எங்கள் குழந்தைகள் கண் மருத்துவப் பிரிவுக்கு அழைத்து வந்தார். மழலையர் பள்ளியில் நடந்த பரிசோதனையில் ஏதோ குறை இருப்பதாகக் கூறியிருந்தார்கள். வலக்கண்ணின் பார்வை சீராக இருந்தது. இடக்கண்ணின் பார்வை 6/24. அதாவது, நல்ல பார்வையுடையோர் 24 மீட்டர் தொலைவிலிருந்து காணக்கூடிய ஒன்றை இக்குழந்தையின் இடக்கண் 6 மீட்டர் அருகில் வந்தால்தான் காணும். கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். சில வாரங்கள் கண்ணாடி அணிந்து பழகிய பின்னர், நல்ல கண்ணை நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒட்டுப் போட்டு மறைக்குமாறு சீட்டில் எழுதி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். இடக்கண்ணின் பார்வை அதே 6/24.

“ஒட்டை ஒழுங்காகப் போடுகிறீர்களா, அம்மா?” என்று கேட்டேன். அந்தத் தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “போட்டுட்டுத்தான் இருக்கேன், டாக்டர். பத்து நிமிஷத்துல பிய்ச்சு எறிஞ்சுடுறா. மறுபடி ஒட்டினா அழுகை. அந்த ரெண்டு மணி நேரமும் அவளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, டாக்டர்?”

என்னிடம் விடை இல்லை. ‘5 மில்லி, மூன்று வேளை’ என்று எழுதுவதைப் போலவே ‘2 மணி நேரம்’ என்று எழுதியிருந்தேன். மருந்து ஒரு நொடியில் தொண்டையைக் கடந்துவிடும். இரண்டு மணி நேரத்தையோ ஒரு வீட்டில் யாரேனும் ஒருவர் குழந்தையுடன் இருந்து கழித்தாக வேண்டும். அதை எவ்வாறு கழிப்பது என்பதைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தாயின் கேள்விக்கு நான் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்ட விடைகளுள் ஒன்றே இக்கட்டுரை.

ஒட்டு எதற்காக?

பிறந்த குழந்தைக்குப் பார்வை முழுமை பெற்றிருப்பதில்லை. கண் ஒளியை வாங்கித் தருகிறது. அதைக் கொண்டு பார்ப்பதற்கு மூளை கற்றுக்கொள்கிறது. இக்கல்வி பெரும்பாலும் முதல் ஏழெட்டு ஆண்டுகளில் நடைபெறுகிறது. அந்த ஆண்டுகளில் ஒரு கண்ணிலிருந்து வரும் படம் மட்டும் மங்கலாக இருந்தால், மூளை அக்கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றதை நம்பிப் பழகிவிடும். இரு கண்களுக்கும் இடையே உள்ள பவர் வேறுபாடு, மாறுகண், பிறவிக் கண்புரை, மேலிமை தொங்குதல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். மருத்துவத்தில் இதனை ஆம்பிளையோபியா என்கிறோம். நூறு குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இக்குறை காணப்படுகிறது.

பேச்சு வழக்கில் இதைச் ‘சோம்பேறிக் கண்’ என்பார்கள். அந்தக் கண்ணும் சோம்பேறியன்று, குழந்தையும் சோம்பேறியன்று. குழந்தையின் காதுபட அச்சொல்லைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘இந்தக் கண் பழகிக்கொண்டிருக்கிறது’ என்று சொன்னால் போதும், உண்மையும் அதுவே.

சிகிச்சையின் முதற்படி கண்ணாடி. அது படத்தைத் தெளிவாக்குகிறது. அதன் பின்னும் குறை எஞ்சியிருந்தால், நல்ல கண்ணை மறைத்து, ஒதுக்கப்பட்ட கண்ணை மூளை பயன்படுத்துமாறு செய்கிறோம். நடுத்தர அளவுக் குறைக்கு நாள்தோறும் ஆறு மணி நேரம் மறைப்பதும் இரண்டு மணி நேரம் மறைப்பதும் ஒத்த பலனையே தருகின்றன என்று 2003-இல் அமெரிக்காவில் வெளியான கூட்டாய்வு ஒன்று காட்டியது. பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல். எனினும், ஒட்டில் சிறு மின்னணுக் கருவியைப் பொருத்தி அளந்து பார்த்த வேறு ஆய்வுகளில், மருத்துவர் சொன்ன நேரத்தைவிட மிகக் குறைந்த நேரமே பல குழந்தைகள் ஒட்டு அணிந்திருந்தது தெரியவந்தது. எங்கள் அனுபவமும் அதுவே.

குழந்தையின் நிலையிலிருந்து பார்த்தால் இதில் வியப்பில்லை. தெளிவாகத் தெரியும் கண்ணை மூடிவிட்டு, மங்கலாகத் தெரியும் கண்ணுடன் இரு என்கிறோம். அந்த நேரத்தில் செய்வதற்கு ஆசையான ஒன்று இல்லாவிட்டால், குழந்தைக்கு முன்னால் இருக்கும் ஒரே வேலை ஒட்டைப் பிய்ப்பதுதான்.

ஒரு பக்கத்தில் ஓர் ஊர்

தேடிக் கண்டுபிடிக்கும் படப் புத்தகம் என்றால் என்ன? பெரிய தாளில் ஒரு கடைத்தெரு, ஒரு பண்ணை, ஒரு ரயில் நிலையம் என ஏதேனும் ஓர் இடம் முழுவதும் வரையப்பட்டிருக்கும். அதில் பலர் பல வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள். அவர்களிடையே ஒரு பூனையோ ஒரு சிவப்புக் குடையோ எங்கேனும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சொற்கள் மிகக் குறைவு. பல புத்தகங்களில் சொற்களே இரா. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பள்ளி செல்லாத பேத்தியும் சம நிலையில் அமர்ந்து பார்க்கக்கூடிய புத்தகம் இது.

இத்தகைய படங்களுக்கு நீண்ட மரபு உண்டு. 1560-இல் பீட்டர் புருகல் என்ற ஓவியர் வரைந்த ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ என்னும் ஓவியம் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ எண்பது வகை விளையாட்டுகளை அதில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் காண்போர் எல்லாரும் தம்மை அறியாமலேயே தேடத் தொடங்கிவிடுவார்கள்.

சிறு குழந்தைகளுக்கான புத்தகமாக இதற்கு உருக்கொடுத்தவர் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த அலி மிட்குட்ச். நகர வாழ்க்கையைக் காட்டும் அவருடைய முதல் பெரும் படப் புத்தகம் 1968-இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஜெர்மானியச் சிறார் இலக்கிய விருதைப் பெற்றது. இவ்வகை நூலை ஜெர்மானியர் ‘விம்மெல்பூக்’ என்கிறார்கள். எறும்புப் புற்றைப்போல மொய்த்துக் கிடப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பின்னாளில் ரோட்ராட் சுசான் பெர்னர் என்ற ஓவியர் ஒரே ஊரை நான்கு பருவங்களிலும் வரைந்து தனித்தனி நூல்களாக்கினார். முதற்பக்கத்தில் கண்ட மனிதரை அடுத்த பக்கங்களிலும் தொடர்ந்து காணலாம்; அவர் எங்கே போகிறார், யாரைச் சந்திக்கிறார் என்று குழந்தையே கதை சொல்லலாம். 2016-இல் அவருக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது வழங்கப்பட்டது.

நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் பலரும் கண்டிருக்கக்கூடியது, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையும் கண்ணாடியும் அணிந்த வாலி. ஆங்கிலேய ஓவியர் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டு 1987-இல் அவனைக் கூட்டத்தில் ஒளித்து வைத்தார். அமெரிக்காவில் அவன் பெயர் வால்டோ. இன்னும் சிறியவர்களுக்கு, அஸ்போர்ன் பதிப்பகத்தின் சொல் அறியும் படப் புத்தகங்களில் ஸ்டீபன் கார்ட்ரைட் வரைந்த மஞ்சள் வாத்து உண்டு. ஒவ்வொரு காட்சியிலும் அது எங்கேனும் இருக்கும். எங்கள் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் பிள்ளைகளின் விரல்பட்டு மிகவும் தேய்ந்திருப்பது அந்த வாத்துப் புத்தகம்தான்.

தேடும்போது நடப்பது என்ன?

நம் கண் முன்னால் உள்ளவை அனைத்தும் ஒரே தெளிவுடன் தெரிவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய பகுதியே நுட்பமாகக் காணும். கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அதன் அகலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு இடமே ஒரு நேரத்தில் கூர்மையாகத் தெரிகிறது. ஆகவே, படத்தில் ஒன்றைத் தேடும் கண் நொடிக்கு மூன்று முறை அளவில் தாவிக்கொண்டே இருக்கிறது. எங்கே தாவ வேண்டும், எங்கே நிற்க வேண்டும், ஏற்கெனவே பார்த்த இடம் எது என்பதை மூளை நிருவகிக்கிறது.

எல்லாத் தேடலும் ஒரே கடினம் உடையதன்று. பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பூ இருந்தால் அது தானே கண்ணில் படும். சிவப்புப் பந்துகளும் சிவப்புப் பெட்டிகளும் நீலப் பந்துகளும் கலந்து கிடக்கையில் ஒரே ஒரு நீலப் பெட்டியைத் தேடினால், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஒரே பண்பைத் தேடுவதற்கும் இரு பண்புகளின் சேர்க்கையைத் தேடுவதற்கும் உள்ள இவ்வேறுபாட்டை ஆன் டிரீஸ்மன் என்ற உளவியல் அறிஞர் 1980-இல் சக ஆய்வாளருடன் சேர்ந்து விளக்கினார். வாலியைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதும் இதனால்தான். சிவப்பும் வெள்ளையும் கோடுகளும் அப்பக்கத்தில் வேறு பல இடங்களிலும் வேண்டுமென்றே இறைக்கப்பட்டிருக்கின்றன.

குறையுள்ள கண்ணுக்கு மற்றுமொரு தடையும் உண்டு. தனியாக நிற்கும் எழுத்தை அது நன்றாகப் படித்துவிடும். அதே எழுத்தை வரிசையில் மற்ற எழுத்துகளுக்கு நடுவே வைத்தால் தடுமாறும். அருகருகே இருப்பவை ஒன்றோடொன்று கலந்து தெரிவதே காரணம். இதனை நெருக்கடி விளைவு எனலாம். பரிசோதனையின்போது நாங்கள் எழுத்துகளை வரிசையாகக் காட்டுவதும் இதற்காகவே. ஆகவே, நெருக்கமாக வரையப்பட்ட பக்கம் உங்கள் குழந்தையின் பழகும் கண்ணுக்கு மற்றக் குழந்தைகளைவிடக் கடினமாக இருக்கும். எலும்பு முறிந்து கட்டுப் பிரித்த காலை முதல் நாளே மலையேற அனுப்புவோமா? அதுபோலவே ஒட்டுப் போட்ட முதல் வாரத்தில் வாலி புத்தகத்தைக் கொடுப்பதும். பெரிய படம், நிறைய வெற்றிடம், ஒரே ஒரு வாத்து என்று தொடங்குங்கள்.

இது மருந்தா?

இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒட்டுப் போட்டிருக்கையில் அருகில் உள்ளவற்றை உற்றுப் பார்க்கும் வேலைகளைச் செய்தால் பார்வை விரைந்து முன்னேறும் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பி வந்தோம். 2008-இல் வெளியான கூட்டாய்வில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு ஒட்டு அணிந்து அருகில் பார்க்கும் செயல்களைச் செய்தது. மற்றது தொலைவில் பார்க்கும் செயல்களைச் செய்தது. எட்டு வாரங்களுக்குப் பின் இரு குழுவின் முன்னேற்றமும் ஒன்றாகவே இருந்தது.

குணப்படுத்துவது, கண்ணாடியோடு சேர்ந்து அந்த ஒட்டு கண்ணில் இருக்கும் நேரம். ஒட்டு கழற்றப்படாமல் இருக்கக் குழந்தைக்கு ஒரு காரணத்தைக் கொடுப்பது புத்தகத்தின் பணி. கண்பயிற்சிப் புத்தகம் என்ற பெயரில் யாரேனும் பெரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கைபேசியைக் கொடுத்தால் என்ன என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். ஒட்டு கண்ணில் இருக்கும் என்ற அளவில் அதுவும் உதவும். களைத்துப்போன ஒரு மாலையில் பத்து நிமிடம் கொடுத்துவிட்டதற்காக எந்தத் தாயும் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். ஆனால், இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் திரை முன் அமரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த அறிவுரை. நாள்தோறும் இரண்டு மணி நேரத்தையும் திரையிடம் ஒப்படைக்க இயலாது. மேலும், கைபேசி முன் குழந்தை தனியே அமர்ந்திருக்கிறது. தேடும் புத்தகத்துக்கு இன்னொருவர் வேண்டும். ‘இதோ!’ என்று காட்டுவதற்கு ஆள் இல்லாவிட்டால் கண்டுபிடித்ததில் சுவை இல்லை.

குழந்தை மொழி கற்பதும் இங்கிருந்தே. தாய் பார்க்கும் திசையில் கைக்குழந்தையும் திரும்பிப் பார்க்கும் என்பதை 1975-இல் ஸ்கைஃப், புரூனர் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஒருவயது நெருங்கும் வேளையில் குழந்தை தானே விரல் நீட்டிக் காட்டத் தொடங்குகிறது. இருவரும் ஒரே பொருளைப் பார்க்கும் அந்த நொடியில் சொல்லப்படும் சொல், அந்தப் பொருளோடு குழந்தையின் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. படப் புத்தகத்தைப் பார்க்கையில் கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதைச் சற்று விரித்துத் திருப்பிச் சொன்ன பெற்றோரின் பிள்ளைகள் ஒரே மாதத்தில் பேச்சில் முன்னேறியதை 1988-இல் ஒயிட்ஹர்ஸ்டும் அவர் குழுவினரும் காட்டினர். ஆகவே கண்ணில் குறையேதும் இல்லாத குழந்தைக்கும் இப்புத்தகங்கள் நன்மை தரும்.

எப்படிப் பார்ப்பது?

முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். பகல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும் சன்னலோரம் நல்லது. புத்தகம் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் தொலைவில் இருக்கட்டும். ஒட்டைக் கண்ணாடியின் மீது ஒட்டாமல் தோலின் மீதே ஒட்டி, அதன் மேல் கண்ணாடியை அணிவியுங்கள். கண்ணாடியில் ஒட்டினால் மூக்கோரமாக எட்டிப் பார்க்கக் குழந்தைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். படம் பார்க்கும்போது தலையை விசித்திரமாகத் திருப்பினால் ஓரத்தில் இடைவெளி இருக்கிறது என்று பொருள்.

இரண்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மருத்துவர் வேறுவிதமாகக் கூறியிராவிட்டால், அரை மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளலாம். அதிலும் புத்தகம் பதினைந்து, இருபது நிமிடம் போதும். மீதி நேரத்தில் சாப்பிடலாம், வண்ணம் தீட்டலாம், மணி கோக்கலாம்.

கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘பூனை எங்கே? சீக்கிரம் காட்டு!’ என்றால் அது தேர்வு. ‘இந்தப் பக்கத்துல ஒரு பூனை ஒளிஞ்சிருக்கு’ என்றால் அது விளையாட்டு. சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு விரல் வைத்துவிட்டால் தேடல் அங்கேயே முடிந்துபோகும். காணவில்லை என்றால் இடத்தைச் சுருக்குங்கள்: ‘மரத்துக்குப் பின்னாடி பாரு’, ‘பஸ்ஸுக்கும் கடைக்கும் நடுவுல பாரு’. பின்னால், நடுவில், மேலே, அடியில் என்னும் சொற்களைத் தனியாகக் கற்பிக்க வேண்டிய தேவையே எழாது.

நீங்கள் பூனையைக் கேட்க, குழந்தை கீழே விழுந்த ஐஸ்கிரீமைக் காட்டினால், ஐஸ்கிரீமைப் பற்றிப் பேசுங்கள். யாருடையது? அழுகிறானா? இப்போது என்ன செய்வான்? பூனை எங்கும் போய்விடாது.

முறை மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தை கேட்கட்டும், நீங்கள் தேடுங்கள். கண்டுபிடிக்க முடியாததுபோல் நடிக்க வேண்டியிருக்குமோ என்று தயங்க வேண்டாம். பல வேளைகளில் நடிக்கத் தேவையிராது. ஒரே புத்தகத்தை நூறாவது முறை கேட்டாலும் கொடுங்கள். இடம் தெரிந்த வாத்தைத் திரும்பத் திரும்பக் காண்பதில் குழந்தைக்கு ஒரு வெற்றி இருக்கிறது. பழகும் கண்ணுக்கும் அந்த வெற்றி தேவை.

நேரத்தை அளப்பது, அக்கா மகனோடு ஒப்பிடுவது, ‘இதுகூடத் தெரியலையா?’ என்பது ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மங்கலாகத் தெரியும் கண்ணால் முயன்றுகொண்டிருக்கும் குழந்தையிடம் அச்சொல் என்ன செய்யும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நிறம் பற்றியும் ஒரு குறிப்பு. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய இயலாத பிறவித் தன்மை ஆண்பிள்ளைகளிடையே அதிகம் காணப்படுகிறது. நிறத்தை மட்டுமே சொல்லித் தேடச் செய்யாமல், வடிவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறத்தில் தொடர்ந்து குழம்பினால் எங்களிடம் தெரிவியுங்கள்.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்ட அன்று அருகில் உள்ளவை மங்கலாகத் தெரியும். அன்று புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டுக் கதை சொல்லுங்கள்.

புத்தகம் இல்லாவிட்டால்

வெளிநாட்டுப் புத்தகங்களின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாது. கவலை வேண்டாம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. உங்கள் பகுதி நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்துக்கொள்ளலாம். அவை தேடுவதற்கென்றே வரையப்பட்டவையாக இல்லாவிட்டாலும், படத்தில் எதையேனும் தேடச் சொல்ல யார் தடுக்கப்போகிறார்கள்?

வீட்டிலேயே இருப்பவையும் பல. கல்யாண ஆல்பத்தில் மூக்குக் கண்ணாடி அணிந்த மாமாவைத் தேடலாம். மளிகைக் கடை விளம்பரத் தாளில் எண்ணெய் பாட்டில்களைத் தேடி வட்டமிடலாம். நவராத்திரி நாட்களில் கொலுப்படியைவிடச் சிறந்த பக்கம் வேறில்லை. எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் செய்தித்தாளின் ஒரு பத்தியில் வரும் ‘ம’ எழுத்துகளையெல்லாம் பென்சிலால் சுழிக்கலாம். முதலில் தலைப்பு எழுத்து, பின்னர் சிறிய எழுத்து. முறத்தில் பயறுக்கு நடுவே கொண்டைக்கடலையைத் தேடுவது பழைய விளையாட்டு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் அது வேண்டாம். மூக்கிலோ மூச்சுக்குழலிலோ போய்விடும்.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

புத்தகத்தை வைத்து வீட்டில் கண் பரிசோதனை செய்ய இயலாது. ஒரு கண்ணில் மட்டும் குறை இருக்கும் குழந்தை மற்றக் கண்ணால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும். எனவே குறை ஏதும் தோன்றாவிட்டாலும், மூன்று, நான்கு வயதுக்குள் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

படத்தை முகத்தோடு ஒட்டிப் பார்த்தல், ஒரு கண்ணை மூடிக்கொள்ளுதல், தலையைச் சாய்த்தே பார்த்தல், கண் விலகிச் செல்லுதல் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். கண்மணியில் வெண்மையான ஒளி தெரிந்தால் அன்றே வாருங்கள். பதினெட்டு மாதமாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தையைக் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவர் சொல்லாமல் ஒட்டுப் போடாதீர்கள். சொன்ன நேரத்தைக் கூட்டவும் வேண்டாம். அளவுக்கு மீறி மறைத்தால் நல்ல கண்ணின் பார்வை குறையக்கூடும். பார்வை நாளுக்கு நாள் மாறுவதால் மறுபரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள்.

மீண்டும் அந்த இரண்டு மணி நேரம்

அந்தத் தாய் ஒரு பனியன் நிறுவனத்தில் வேலை பார்த்தார். மாலை ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவார். அதன்பின் இரண்டு மணி நேரம் ஒட்டு என்றால் குழந்தையும் தூங்கி வழியும், தாயும் தூங்கி வழிவார். நான் அதைக் கேட்டே இருக்கவில்லை. பகலில் குழந்தையுடன் இருப்பவர் பாட்டி. அடுத்த முறை அவரையும் அழைத்து வரச் சொல்லி, காத்திருப்புக் கூடத்து வாத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். “எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே” என்றார். படிக்க அதில் ஒன்றுமில்லை என்று திறந்து காட்டினேன்.

அடுத்து வந்தபோது இடக்கண் பார்வை 6/18. அதற்கடுத்து 6/12. முழுமை பெற இன்னும் காலம் இருந்தது. எல்லாக் குழந்தைக்கும் இந்த அளவு கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கண்ணாடியும் ஒட்டும் ஒழுங்காக இருந்தும் ஓரிரு வரிசையோடு நின்றுவிடும் கண்களும் உண்டு.

அன்று கிளம்பும் வேளையில் குழந்தை என் சட்டையைப் பிடித்து இழுத்து, “பாட்டிக்கு வாத்தே தெரியல, டாக்டர். நான்தான் காட்டுறேன்” என்றது. பாட்டி சிரித்தார். விளையாட்டுக்காகத் தோற்றுக்கொடுக்கிறார் என்றே நானும் முதலில் எண்ணினேன். சற்று நின்று கேட்டேன். “இல்லீங்க, நிசமாவே தெரியல. புகை மூட்டமாட்டம் இருக்கு” என்றார். இரு கண்களிலும் கண்புரை முற்றியிருந்தது. அடுத்த மாதம் ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

இப்போதும் சீட்டில் ‘2 மணி நேரம்’ என்றுதான் எழுதுகிறேன். அதன் கீழே இன்னொரு வரிக்கு இடம் விடுகிறேன். அந்த நேரத்தில் குழந்தையின் பக்கத்தில் அமரப்போவது யார் என்று கேட்டு, அவர் பெயரையும் அதில் எழுதிக் கொடுக்கிறேன்.